அப்பாவுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்கும் அத்தைக்கும் சேர்த்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 2024இல் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, பல சொற்கள் வருவதே இல்லை. 2025 சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலன்று அவரை வீட்டில் இருத்திவிட்டு நீங்கள் மட்டும் போய் வாக்களித்தீர்கள். இப்போது அவர் பெயர் வாக்காளர் பதிவேட்டில் இல்லை. அடுத்த முறை கூட்டிப்போனால், கூடவே நின்று அவருக்காக நீங்கள் குறியிட முடியுமா என்று கேட்கிறீர்கள். டௌன் சின்ட்ரோம் உள்ள அண்ணன் மகனுக்கும் 21 வயது முடிந்துவிட்டது, அவன் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி வரி. இரண்டுக்கும் நடுவில், "அவருக்கு எதற்கு இந்த அலைச்சல், யாருக்குப் போடுகிறோம் என்றே தெரியாதே" என்று அத்தை சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். கூடப் போகலாமா என்பது விதியைப் பற்றிய கேள்வி. அதற்கு நேரான பதில் உண்டு. அத்தை சொன்னதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வாக்கு இன்னும் அப்பாவுடையதுதானா என்பதே அதன் பொருள்.

பக்கவாதத்துக்குப் பிறகு கையையும் அன்றாட வேலைகளையும் மீட்டுப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சை என் தொழில். மருத்துவமனையிலும் பிறகு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலுமாகப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. தேர்தல் வரும்போதெல்லாம் குடும்பங்கள் இதே கேள்வியுடன் வருவார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் அப்பாவை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே விதியாக இருப்பதையும், அனுபவத்தில் கண்டதையும், என் கருத்தையும் தனித்தனியாகச் சொல்ல முயல்கிறேன்.

விதியிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் குடும்பத்தினர் யாரும் வாக்காளருக்காகக் குறியிட முடியாது. மகள், மனைவி, பணிப்பெண், யாராக இருந்தாலும் இதுதான். வாக்களிப்பு நிலையம் வரை கூட்டிப்போகலாம், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் குறியிடும் இடத்துக்குள் அவரோடு போக முடியாது. பார்வை இல்லாததாலோ உடல் இயலாமையாலோ தானாகக் குறியிட முடியாதவருக்கு உதவும் பொறுப்பு அங்கே இருக்கும் தேர்தல் அதிகாரிகளுடையது. அவர்கள் இரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்தவர்கள். ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்று வெளியே சொன்னால் அது குற்றம். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய் வாக்களிக்கும் முறையும் இங்கே கிடையாது. நீண்டகால அதிகாரப் பத்திரம் எழுதி வங்கிக் கணக்கு முதல் சிகிச்சை வரை முடிவெடுக்கும் பொறுப்பை அப்பா உங்களுக்குக் கொடுத்திருக்கலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டினாலும் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வராது.

தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இந்தியாவில் பார்வையற்றவரோ உடல் தளர்ந்தவரோ 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போகலாம். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ உடற்குறை உள்ளவர்களும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு இங்கே அதே ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போய், வாசலில் வாக்குவாதம் செய்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதிகாரியைக் கோபித்துப் பயனில்லை, சட்டம் அப்படி.

சட்டம் ஏன் அப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கவனக்குறைவால் விடுபட்ட விஷயம் இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2012இல் கையெழுத்திட்டு 2013இல் அதை உறுதிசெய்தது. அதன் 29ஆம் விதி அரசியல் பங்கேற்பைப் பற்றியது. வாக்காளர் கேட்டால், அவரே தேர்ந்தெடுக்கும் ஒருவர் அவருக்கு உதவ அனுமதிக்க வேண்டும் என்று அதில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. சிங்கப்பூர் 29ஆம் விதியில் அந்த உட்பிரிவை விலக்கிவைத்துவிட்டு மற்றதை ஏற்றது. உதவி தேவைப்படும் வாக்காளருக்கு, எழுத்துமூலம் நியமிக்கப்பட்டு இரகசிய உறுதிமொழியில் கையெழுத்திட்ட தலைமை வாக்களிப்பு அதிகாரி வழியாகவே உதவி கிடைக்கும் என்று அப்போதே எழுதிக்கொடுத்துவிட்டது.

இதில் எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. குடும்பத்தைத் தள்ளிவைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் மருந்து, சாப்பாடு, தூங்கும் நேரம், அணியும் சட்டை வரைக்கும் நோயாளிக்காக மற்றவர்கள் முடிவெடுத்துப் பழகிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு வாக்குச்சீட்டின் முன்னால் நின்றால் மகனுடைய கட்சிக்கே அப்பாவின் வாக்கும் போகும். அதிகாரிக்கு அந்த வீட்டில் எந்த அக்கறையும் இல்லை, அது ஒரு பாதுகாப்பு. மறுபக்கம், உங்கள் அப்பாவைப் போலப் பேச்சுக் குழறியவரின் பேச்சு வீட்டாருக்கு மட்டும்தான் விளங்கும். முன்பின் தெரியாத அதிகாரி, அதுவும் தமிழ் பேசாதவராக இருந்தால், அவரிடம் தன் விருப்பத்தை எப்படிச் சொல்வது? தேர்ந்தெடுக்கும் உரிமையை வாக்காளரிடமே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து: அதிகாரி போதும் என்பவருக்கு அதிகாரி, மகள்தான் வேண்டும் என்பவருக்கு மகள், அந்த மகளுக்கும் அதே உறுதிமொழி, கூடவே சாட்சியாக ஓர் அதிகாரி. இன்றைய விதி அப்படி இல்லை. ஆகவே அப்பா தன் கையாலேயே குறியிடப் பழகுவதுதான் நல்ல வழி. அவர் நிலையில் இருக்கும் பலருக்கும் இது முடிகிற காரியம், கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன்னால் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். வாக்களிப்பு இங்கே கட்டாயம் என்பதால் வராதவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்டவர் அடுத்த தேர்தலில் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கின் மூலம் விண்ணப்பிக்கலாம், இணையம் சரிப்படாதவர்கள் சமூக மன்றத்தில் கேட்கலாம். தகுந்த காரணம் இல்லாதவர் 50 வெள்ளி கட்ட வேண்டும். நோய் தகுந்த காரணங்களில் ஒன்று என்பதால் அப்பா கட்ட வேண்டியதில்லை. மருத்துவமனைக் கடிதத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் ஆறாண்டுத் தவணை 2029இல் முடிகிறது, அதற்குள் ஓர் அதிபர் தேர்தல் வந்தாக வேண்டும். இன்னும் காலம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு, தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு ஓடுபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. ஆணை வந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

இனி அத்தை சொன்னதற்கு வருகிறேன். "யாருக்குப் போடுகிறோம் என்றே தெரியாது" என்று அவர் நினைப்பதற்குக் காரணம் அப்பா தவறாகப் பதில் சொல்வதுதான் என்று ஊகிக்கிறேன். வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போனால் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு. அங்கேதான் பெரும்பாலானவர்களுக்குச் சொற்களைத் தேடி எடுக்கும் பகுதி இருக்கிறது. அது பாதிக்கப்பட்டுப் பேச்சு தடுமாறுவதை அஃபேசியா என்பார்கள். தலை இல்லை என்று அசையும், வாய் ஆமாம் என்று சொல்லும். பிரதமர் பெயர் என்ன என்று வீட்டில் சோதித்துப் பார்ப்பார்கள். "லீ" என்று பதில் வரும். லாரன்ஸ் வோங் 2024 மே மாதம் பதவியேற்றது அவருக்குத் தெரியாமல் இருக்காது, நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நாக்கில் பழகிய சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு தாளில் இரண்டு படங்களை வைத்துக் காட்டச் சொன்னால் சரியானதைத் தொடுவார். சொல்ல முடியாததைத் தெரியாதது என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த நோயில் குடும்பங்கள் அடிக்கடி செய்யும் தவறு, சில நேரம் மருத்துவமனை ஊழியர்களும் செய்வதுண்டு. இன்னொன்றையும் அத்தையிடம் சொல்லுங்கள்: மற்ற வாக்காளர் யாரையும் நிறுத்திப் பிரதமர் பெயர் கேட்டுவிட்டு வாக்குச்சீட்டு கொடுப்பதில்லை.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்றால், மனநலம் குன்றியவர் என்று சட்டப்படி கண்டறியப்பட்டு அறிவிக்கப்பட்டவர் வாக்காளராக இருக்கத் தகுதியற்றவர். அறிவிப்பு என்பது முறையாக நடக்கும் ஒன்று. குடும்பம் கூடிப் பேசி எடுக்கும் முடிவு அறிவிப்பாகாது, மருந்துச் சீட்டில் இருக்கும் நோயின் பெயரும் அறிவிப்பாகாது. பேச்சிழப்போ செயலிழந்த கையோ இதற்குள் வரவே வராது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறதி நோய் முற்றியவர்களைப் பற்றிக் கேட்டால் இத்தனை உறுதியாகப் பேச மாட்டேன். அங்கே ஒவ்வொருவரின் நிலையும் நாளுக்கு நாள், காலைக்கும் மாலைக்கும் மாறும். மேலே சொன்ன ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐநா குழு 2014இல் வெளியிட்ட விளக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், முடிவெடுக்கும் திறன் குறைவு என்பதைக் காரணம் காட்டி எவருடைய வாக்குரிமையையும் பறிக்கக் கூடாது என்கிறது. சிங்கப்பூர்ச் சட்டம் அந்த இடத்துக்கு வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த விவாதமே தேவைப்படாது.

இப்போது கை. வலது கை வராது என்றால் இடது கையால் குறியிடட்டும். முன்பெல்லாம் பேனாவால் இரண்டு கோடுகளைக் குறுக்காக இழுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க வலது கையால் எழுதியவருக்கு இடது கையால் அது சிரமம். முதல் கோடு சரியாக விழுந்தால் இரண்டாவது பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடிவிடும். 2023 அதிபர் தேர்தலிலும் 2025 பொதுத் தேர்தலிலும் தானாக மை வரும் பெருக்கல் குறி முத்திரை வைத்திருந்தார்கள். கட்டத்துக்கு மேலே வைத்து நேராக அழுத்தினால் குறி விழுந்துவிடும். பலருக்கு இது சின்ன மாற்றம். ஒரு கையால் மட்டும் வாழ்பவருக்கு இது தானாக வாக்களிப்பதற்கும் அதிகாரியிடம் சொல்லி வாக்களிப்பதற்கும் உள்ள வித்தியாசம். தடித்த பிடியுள்ள சொந்தப் பேனாதான் வசதி என்றால் அதையும் கொண்டுபோகலாம்.

முத்திரையை அழுத்துவது எளிது, தாளை நகராமல் பிடிப்பதுதான் கடினம். வேலை செய்யும் ஒரே கையில் முத்திரை இருக்கும்போது தாளை யார் பிடிப்பது? இதற்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வழி, செயலிழந்த வலது கையையே எடையாக வைப்பது. இடது கையால் வலது முன்கையைத் தூக்கித் தாளின் மேல் ஓரத்தில் கிடையாகப் படுக்கவைக்க வேண்டும். முழங்கை மேசையில் இருக்க வேண்டும், மணிக்கட்டு தளர்ந்து கிடக்க வேண்டும், கட்டங்கள் மறைந்துவிடக் கூடாது. பிறகு முத்திரையை எடுத்து, பார்த்து, அழுத்தி, அப்படியே நேராகத் தூக்க வேண்டும். இழுத்தால் மை தீற்றும். வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் நான்கைந்து கட்டம் போட்டு, புத்தகக் கடையில் கிடைக்கும் சாதாரண முத்திரை ஒன்றை வாங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பழக்குங்கள். கட்டத்தில் கட்சிப் பெயரோ சின்னமோ வேண்டாம்; பழம், பூ, பறவை என்று ஏதாவது வரையுங்கள். "பூவில் குத்துங்கள்" என்று நீங்கள் சொல்லி அவர் குத்துவதைவிட, அவர் மனத்தில் ஒன்றை நினைத்துக் குத்திவிட்டு அதுதான் நினைத்தது என்று தலையசைத்து உறுதிப்படுத்துவது நல்ல பயிற்சி. தாளை மடிப்பதும் பயிற்சியில் சேர வேண்டும். ஒரு கையால் மடிப்பது வாக்களிப்பதைவிட அதிக நேரம் எடுக்கும். மேசை ஓரத்தில் வைத்து முன்கையால் அழுத்தி மடித்தால் வரும்.

இன்னும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இடப்பக்க மூளைப் பாதிப்பில் சிலருக்கு இரு கண்களிலும் வலப்பக்கப் பார்வை போய்விடும். கண்ணாடி மாற்றினாலும் அது சரியாகாது. தட்டில் வலது பக்கத்துச் சோறு அப்படியே மிஞ்சுகிறதா, வலப்பக்கக் கதவு நிலையில் நாற்காலி அடிக்கடி இடிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் தாளின் வலது ஓரம் அவருக்கு இல்லாத இடம். தாளை உடம்பின் நடுக்கோட்டிலிருந்து சற்று இடப்புறம் நகர்த்தி வைக்கவும், தலையைத் திருப்பி வலது விளிம்பை விரலால் தொட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கவும் பழக்க வேண்டும். இதை அவருடைய சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். எழுத்து படிக்கச் சிரமப்பட்டாலும், 2015 பொதுத் தேர்தலிலிருந்து வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் படமும் இருக்கிறது, கட்சிச் சின்னமும் இருக்கிறது. முகம் பார்த்து அடையாளம் காண்பது இந்த நோயாளிகள் பலருக்குச் சொல்லைப் படிப்பதைவிட எளிது.

குறி கட்டத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டால் வாக்கு வீணாகிவிடுமோ என்று அவரும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீர்கள். யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் எண்ணும்போது ஏற்றுக்கொள்வார்கள். இருவருக்குக் குறியிட்டாலோ, யாருக்கு என்று புரியாவிட்டாலோ, வாக்களித்தவரை அடையாளம் காட்டும்படி எழுதினாலோதான் செல்லாது. சீட்டில் வரிசை எண் இருப்பதைப் பார்த்து "யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடும்" என்று பயப்படும் முதியவர்கள் நிறையப் பேர். கள்ளச் சீட்டு நுழையாமல் இருப்பதற்காக அந்த எண். எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தின் பெட்டகத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு அழிக்கப்படுகின்றன. இதை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள், இரண்டு மூன்று முறை சொல்லுங்கள்.

பேச்சுக்கு ஓர் அட்டை தயார்செய்யுங்கள். உள்ளங்கை அளவு போதும், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்: "எனக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் சொல்வது எனக்குப் புரியும், பேசத்தான் நேரமாகும். நானே குறியிட விரும்புகிறேன். உதவி தேவைப்பட்டால் கையைத் தூக்குவேன். கேட்டதைத் தொட்டுக் காட்டுவேன், வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்." கடைசி வரி முக்கியம். ஆமாம் இல்லை இரண்டும் இடம் மாறும் நோயாளியிடம் அதிகாரி வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கினால் தவறான இடத்தில் குறி விழும். விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் அந்த ஆபத்து குறைவு. அட்டையைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் தெரிந்த அதிகாரி இருப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள், இருந்தால் நல்லது.

வாக்களிப்பு நிலையம் பெரும்பாலும் உங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே, கீழ்த்தளத்திலோ பள்ளியிலோ இருக்கும். சரிவுப்பாதை, வாகனம் நிறுத்தி இறக்கிவிடும் இடம், முதியவர்களுக்கும் உடற்குறையுள்ளோருக்கும் முன்னுரிமை வரிசை, சக்கர நாற்காலிக்கு ஏற்ற தாழ்வான மேசை எல்லாம் ஏற்பாட்டில் உண்டு. உங்கள் வாக்களிப்பு அட்டை வந்தவுடன் அந்த இடத்துக்கு ஒரு மாலை அப்பாவை அழைத்துப் போய்ப் பாருங்கள், நாற்காலி எங்கே திணறும் என்பது அப்போதே தெரிந்துவிடும். வாக்களிப்பு காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. திறந்தவுடன் கூட்டம் அதிகம் இருக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் களைப்பு கூடக்கூடப் பேச்சும் கையும் மோசமாகும், ஆகவே அவர் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது அவரவருக்கு மாறும், அது உங்களுக்குத்தான் தெரியும்.

பார்வையற்றவர்களுக்கான ஏற்பாட்டையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். பிரெய்ல் எழுத்துகளும் கட்டங்களுக்கு நேராகத் துளைகளும் உள்ள வார்ப்பட்டை ஒன்று கேட்டால் தருவார்கள். வாக்குச்சீட்டை அதற்குள் வைத்துத் துளையில் குறியிட்டால் போதும், யாருக்கு என்று அதிகாரிக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. வேட்பாளர்கள் சீட்டில் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று முதலிலேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தாதிமை இல்லத்தில் இருப்பவர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பாவின் நிலை மாறினால் அந்தக் கேள்வி வரும். 2023 அதிபர் தேர்தலில் சில தாதிமை இல்லங்களுக்குள்ளேயே வாக்களிப்பு நடத்திப் பார்த்தார்கள். படுக்கையில் இருப்பவரிடம் அதிகாரிகள் பெட்டியோடு போனார்கள். அதற்கென்றே அந்த ஆண்டு சட்டத்தையும் திருத்தியிருந்தார்கள். அதைச் சோதனை முயற்சி என்றே அறிவித்தார்கள், எல்லாத் தேர்தலுக்கும் நிலைத்த ஏற்பாடு என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதிபர் தேர்தலில் நாடு முழுக்க ஒரே வாக்குச்சீட்டு. பொதுத் தேர்தலில் ஒரே இல்லத்தில் இருப்பவர்கள் பல தொகுதிகளின் வாக்காளர்களாக இருப்பார்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் சீட்டும் பெட்டியும் வேறு. சிக்கலான வேலைதான். ஆனாலும் நடமாட முடியாதவரிடமிருந்து வாக்கை எதிர்பார்த்துச் சட்டம் போட்ட நாடு, பெட்டியை அவர் படுக்கைக்குக் கொண்டுபோகும் வழியையும் நிரந்தரமாகச் செய்தாக வேண்டும். இது என் உறுதியான கருத்து, ஏனென்றால் படுக்கையிலேயே இருந்தபடி தினமும் தமிழ் முரசை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாக்களிக்கும் நாள் மட்டும் போதாது. பிரசாரக் காலத்தில் வேட்பாளர்கள் வீடு வீடாக வருவார்கள். வந்தவுடன் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, தள்ளிக்கொண்டு நிற்பவரிடம் பேசத் தொடங்குவார்கள், எல்லாக் கட்சியினரும் இப்படித்தான். "அப்பாவிடம் பேசுங்கள், அவருக்குப் புரியும், பதில் வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். தமிழில் ஒளிபரப்பாகும் கட்சி அரசியல் உரைகளை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் படத்தோடு ஒரு தாளில் ஒட்டிக் கொடுங்கள், எல்லாரையும் ஒரே அளவில், ஒரே வரிசையில். உங்கள் விருப்பம் தெரியும்படி ஒன்றும் வேண்டாம். அவர் யாருக்குப் போடப் போகிறார் என்று கேட்கவும் வேண்டாம், போட்டுவிட்டு வந்த பிறகும் வேண்டாம்.

அத்தை இன்னும் கேட்டால், சக்கர நாற்காலியில் இருந்தபடி நாடாளுமன்றத்தில் பேசியவர்கள் இந்த நாட்டில் உண்டு என்று சொல்லுங்கள். வழக்கறிஞர் சியா யோங் யோங் 2014இலும், உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ 2018இலும், ஓங் ஹுவா ஹான் 2023இலும் நியமன உறுப்பினர்களானார்கள். மூவருமே நியமிக்கப்பட்டவர்கள், வாக்குக் கேட்டுத் தேர்தலில் வென்று வந்தவர்கள் இல்லை என்பது எனக்குக் குறைதான். வீடு வீடாகப் படியேறிப் பிரசாரம் செய்ய வேண்டிய ஓர் ஊரில் அவர்கள் போட்டியிடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணன் மகனுக்கு வருகிறேன். குடிமகன், வயது 21, அடையாள அட்டையில் உள்ளூர் முகவரி இருக்கிறது என்றால் பதிவேடு புதுப்பிக்கப்படும்போது அவன் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். டௌன் சின்ட்ரோம் இருப்பதால் பெயர் விடுபடாது, அறிவுத்திறன் தேர்வு எதுவும் கிடையாது. அவனும் வாக்களிக்க வேண்டியவன், போகாவிட்டால் அவன் பெயரும் நீக்கப்படும். அவனால் முடியுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இளைஞர்கள் பலரும் வரிசையில் நிற்பது, அட்டையைக் காட்டுவது, படம் பார்த்து ஒன்றைத் தேர்வது, மடித்துப் போடுவது எல்லாவற்றையும் பழகிக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும். அன்பானவர்கள் சொல்வதை அப்படியே செய்வார்கள். "மாமாவுக்குப் பிடித்தது இதுதான்" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது அப்படியே முத்திரையாக விழும். ஆகவே அவனுக்கு முதலில் பழக்க வேண்டியது வாக்களிப்பு இல்லை. மதியத்துக்கு என்ன சாப்பாடு, எந்தச் சட்டை, எந்தப் பாட்டு என்று தினமும் இரண்டில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும், அவன் எடுத்ததை யாரும் மாற்றாமல் இருங்கள். வேண்டாம் என்று அவன் சொல்லும்போது வீடு அதை ஏற்க வேண்டும். பிறகு வாக்குச்சீட்டு விஷயம் வரட்டும். வேட்பாளர் சொல்வதை அவனுக்கு இரண்டே வரியில் சொல்லுங்கள்: இவர் பஸ் கட்டணத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார். அவன் தினமும் பயிலரங்குக்கு பஸ்ஸில் போகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் அவனுக்கென்று ஓர் அபிப்பிராயம் நிச்சயம் இருக்கும்.

வாசலில் யாராவது அப்பாவைப் பார்த்து "இவரால் முடியுமா" என்று உங்களிடம் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். தலைமை வாக்களிப்பு அதிகாரியை அழைக்கச் சொல்லுங்கள், அட்டையை அப்பாவே நீட்டட்டும். அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் அன்று ஒரு நாளைக்காகப் பயிற்சி பெற்று வந்த அரசாங்க ஊழியர்கள். அஃபேசியா உள்ளவரை அவர்கள் முன்பு பார்த்திருக்க மாட்டார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். உதவி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அன்றிரவே நேரம், நிலையம், நடந்தது என்று எழுதித் தேர்தல் துறைக்கு அனுப்புங்கள். பெயரைச் சேர்க்கும் விண்ணப்பத்தில் ஏதாவது தடங்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.